பின்பக்கமாக ஓடிய தையல் மெஷின்

இரண்டாம் உலக யுத்தம் நாற்பத்தைந்தில் முடிந்துவிட்டதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். சுத்தப் பொய். வட்டவளைக் கடைவீதியில் அது மேலும் பத்துப் பதினைந்து வருஷம் நடந்தது. தன்னந்தனியாக அதை நடத்தியவர் காக்கி மாஸ்டர்.

யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு உடுப்புத் தைத்து அனுப்பியவர் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான். நான் அப்போது பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆபீசில் கிளாக்கர். கோட்டு தைக்கப் போன என்னை உட்கார வைத்து, "ஐயா, நான் ஒரு நாவல் கட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார். எழுத நேரமில்லையாம். தைக்கத் துணி கொடுப்பவர்களுக்கு மட்டும் வாயால் சொல்வாராம்.

கதாநாயகன் வீரபாண்டி, பட்டாளத்துத் தையல்காரன். பர்மாக் காட்டில், குண்டு மழைக்கு நடுவே, நர்ஸ் மார்கரட் மேல் காதல். ஜாக்கெட் வாங்க வந்தவளிடம் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறான். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் புத்தி வருகிறது. என்ன செய்வான்? தையல் மெஷினைப் பின்பக்கமாக மிதிக்கிறான். நீங்களும் நானும் மிதித்தால் நூல்தான் அறும். வீரபாண்டி மிதித்தால் காலம் பின்னால் ஓடும். அதே மழை நாளில், அதே கூடாரத்தில் போய் இறங்குவான். மார்கரட் வருவாள். "ஜாக்கெட் தச்சாச்சா?" என்பாள். இவன் "தச்சாச்சு" என்பான். அவள் போய்விடுவாள். மறுபடியும் மெஷின்.

இந்தத் தடவையாவது சொல்லித் தொலைப்பானா என்று கேட்க ஊரே துணியோடு வந்தது. எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தைக்கக் கொடுக்காத உடுப்பு இல்லை. கடைசியில் வீட்டு நாய்க்கும் குளிருக்கு ஒரு சட்டை தைக்கக் கொடுத்தார். கதை சூடு பிடித்தால் மாஸ்டருக்குக் கத்தரி கட்டுப்படாது. கணக்கப்பிள்ளையின் ஒரு கால்சட்டை முழங்காலோடு நின்றது. ஜப்பான் விமானம் வந்த கட்டம் அது. என் கோட்டின் இடது கை வலது கையைவிட நீளம்.

ஒருநாள் கணக்கப்பிள்ளைக்குப் பொறுமை போனது.

"மாஸ்டர், குண்டு விழுற எடத்துல அந்த நர்ஸம்மா எதுக்கு ரெண்டு இடுப்புலயும் புள்ளைய வச்சுக்கிட்டு நிக்கிறாங்க?"

"அது அவங்க பழக்கமுங்க" என்று மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மூக்குப்பொடி வேற போடுறாங்க. தும்முனா லயமே அதிருதுன்னு சொன்னீங்க. பர்மாவுல ஏதுங்க லயம்?"

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் ராசம்மா. இரண்டு இடுப்பிலும் பிள்ளை, மூக்கில் பொடி, தும்மினால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கூரைத் தகரம் அதிரும். கல்யாணம் கட்டாதவர். பர்மா என்று இத்தனை வருஷமாக நாங்கள் கேட்டது எங்கள் தோட்டத்தைத்தான். மாஸ்டர் பக்கத்து டவுனான ஹட்டனைத் தாண்டியதே இல்லை.

விஷயம் பெண்கள் கொழுந்தெடுக்கும் மலைக்குப் போனது. மலைக்குப் போனது பிள்ளைக்காம்பராவுக்கு வர எவ்வளவு நேரமாகும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கணக்கப்பிள்ளையும் கடையில் இருக்கும்போதே ராசம்மா வந்து நின்றார். கையில் தொட்டில் துணி. மாஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது.

"ஓரம் அடிக்கணும்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார் ராசம்மா. "துணி குடுத்தா கதை சொல்லுவீங்களாமே. சொல்லுங்க."

மாஸ்டர் தொட்டில் துணியை வாங்கி மெஷினில் வைத்தார். கால் மிதித்தது, பதற்றத்தில் பின்பக்கமாக. நூல் அறுந்தது. கோத்தார். மறுபடியும் அறுந்தது. கணக்கப்பிள்ளை கண்ணை மூடிக் குலதெய்வத்தைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"அந்த நர்ஸம்மா இன்னும் உசுரோடதான இருக்காங்க?" என்று கேட்டார் ராசம்மா.

"இருக்காங்க."

"கல்யாணம் கட்டலையே?"

"கட்டலங்க."

"அப்புறம் எதுக்கு அந்த மனுசன் பின்னாலயே ஓடிக்கிட்டு இருக்காரு? மெஷின முன்னால மிதிச்சு, இந்தத் துணிய ஓரம் அடிச்சுட்டு, நேரா கேக்கச் சொல்லுங்க." சொல்லிவிட்டுத் தும்மினார். கடைத் தகரம் அதிர்ந்தது.

மாஸ்டர் முன்னால் மிதித்தார். அவர் வாழ்நாளில் நேராகத் தைத்த ஒரே ஓரம் அதுதான். துணியைக் கொடுக்கும்போது, "நாளைக்கு வந்து கேக்குறேங்க" என்றார்.

"இப்பவே கேளுங்க!" என்று நானும் கணக்கப்பிள்ளையும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

கேட்டார். தை பிறந்ததும் கல்யாணம்.

அதோடு நாவல் நின்றது. "யுத்தம் என்னாச்சு மாஸ்டர்?" என்று கேட்டால், "முடிஞ்சிருச்சுங்க ஐயா. வீட்டுல சோறு ஆறிடும்" என்று கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். எங்களுக்குத்தான் பொழுது போகவில்லை.

என் கோட்டின் இடது கை இன்றைக்கும் விரல்களை மூடிக்கொண்டுதான் தொங்குகிறது. சரிசெய்து தருவதாக எத்தனையோ தையல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மாஸ்டர் கைபட்டதை இன்னொருவர் வெட்ட எனக்கு மனம் வரவில்லை.