புதன்கிழமை எரிமலை

மாடி அறையை மீட்டே தீருவது என்று சமேஷிமா டெத்சுரோ சபதம் எடுத்தது சலவை இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு.

அப்போது அவர் தனியாக ஷோகி ஆடிக்கொண்டிருந்தார். ஷோகி ஜப்பானியச் சதுரங்கம். பலகை வைக்க வீட்டில் வேறு இடம் கிடைக்காததால் சலவை இயந்திரத்தின் மூடிமேல் வைத்திருந்தார். நாற்பது நிமிஷம் யோசித்து ஒரு காயை நகர்த்தினார். அந்த நேரம் பார்த்து இயந்திரம் துணி பிழிய ஆரம்பித்தது. கடகடவென்று ஓர் ஆட்டம். ராஜா பலகையை விட்டு இறங்கி, தரையில் குதித்து, வடிகால் ஓட்டை வழியாகத் தலைமறைவாகிவிட்டார்.

"போதும்!" என்று கத்தினார் டெத்சுரோ.

"போதாதுங்க. இன்னும் ஒரு தடவை அலசணும்," என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

குரலுக்கு உரியவள் அவர் மனைவி மிஸுவே. அவள் இருந்த இடம்தான் பறிபோன அறை. ஜன்னலைத் திறந்தால் விரிகுடா. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் சகுராஜிமா எரிமலை. ஓய்வு பெற்றதும் அங்கே உட்கார்ந்து ஷோகி ஆடுவது என்று டெத்சுரோ பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்த முப்பத்தேழு வருஷமும் கனவு கண்டிருந்தார். ஓய்வு வந்தது. அறை போனது.

போனதற்குக் காரணமும் அவரேதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவர்கள் ஊரான ககோஷிமாவில் மலை புகைவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காற்று எந்தப் பக்கம், துணி காயப்போடலாமா, அவ்வளவுதான் கேள்வி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, மலை குப்பென்று கரும்புகை கக்கிய கொஞ்ச நேரத்தில் வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கியது. சத்தம் இல்லை. நடுக்கம் மட்டும்.

"ஏங்க, சத்தமே இல்லாம கண்ணாடி எப்படி ஆடுது?" என்று கேட்டாள் மிஸுவே. அவள் அனிமேஷன் வரைகிறவள். சோயா சாஸ் விளம்பரத்தில் முள்ளங்கியை ஆட வைத்தே பேர் வாங்கியவள். ஆடுகிற எதைப் பார்த்தாலும் சும்மா விடமாட்டாள்.

வாத்தியார் விடுவாரா? கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினார். "சத்தம் இருக்கு. ரொம்பத் தாழ்வான சத்தம். வினாடிக்கு ஒரு அலை, ரெண்டு அலை. நம்ம காதுக்கு அது எட்டாது. மலை கத்திட்டுத்தான் இருக்கு, நமக்குக் கேட்கலை."

"கேட்காத சத்தத்தைக் கேட்க வைக்க முடியுமா?"

"பதிவு பண்ணி நூறு மடங்கு வேகமா ஓட்டினா கேட்கும்."

மிஸுவே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கேட்காததையும் கேட்க வைக்கலாம்னு சொல்றீங்க. முப்பத்துமூணு வருஷமா எனக்கு இது தெரியாமப் போச்சே. புருஷனுக்கும் இது வேலை செய்யுமா?"

அடுத்த மாதமே மாடி அறைக்கு ஒலிவாங்கி வந்தது. கணினி வந்தது. தரையைக் குலுக்கும் ஒலிபெருக்கி வந்தது. மலையின் சத்தத்தை அவள் வேகமாக ஓட்டிக் கேட்டாள். கேட்டதைப் படமாக வரைந்தாள். ஷோகி பலகை படியிறங்கி, கூடம் வழியாக நடந்து, சலவை இயந்திரத்தின்மேல் குடியேறியது.

"விஞ்ஞானம்னா வரைகோடு. அளவு. எண். இப்படிப் பொம்மை போடுறது இல்லை," என்று சாப்பாட்டு மேசையில் ஒருநாள் ஆரம்பித்தார் டெத்சுரோ.

"உங்க வரைகோட்டைப் பார்த்து எத்தனை பசங்க கொட்டாவி விட்டாங்க?"

"அது இருக்கட்டும். உன் ஒலிவாங்கிக்குப் பக்கத்துல வேற எவனாவது சத்தம் போட்டா, அதையும் மலைன்னு நினைச்சு வரைஞ்சுடுவே."

"மாட்டேன். மலையோட குரல் எனக்குத் தெரியும்."

"தெரியாமப் போச்சுன்னா?"

"அறையை நீங்களே எடுத்துக்குங்க. அந்த வறுத்த மீனை இந்தப் பக்கம் தள்ளுங்க."

மீன் கவனத்தில் அவள் பந்தயத்தை மறந்துவிட்டாள் என்று டெத்சுரோ நினைத்தார். அவர் மறக்கவில்லை. ராஜா வடிகாலில் போன அன்று அது சபதமாகவும் ஆகிவிட்டது.

திட்டம் விஞ்ஞான முறைப்படி இருந்தது. மற்ற அறைகளுக்கெல்லாம் தள்ளுகதவு. மாடி அறைக்கு மட்டும் கீல் வைத்த கனமான மரக்கதவு. ஜன்னலை இறுக மூடிவிட்டு அந்தக் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி ஆட்டினால், அறைக்குள் இருக்கும் காற்று முழுவதும் அமுங்கி விரியும். காதுக்குக் கேட்காத தாழ்ந்த அலை பிறக்கும். ஒலிவாங்கிக்கு அது மலையா, மரக்கதவா என்று எப்படித் தெரியும்? ஒரு கதவு தன் வாழ்நாளில் எரிமலையாகப் பதவி உயர்வு பெறுவது இதுவே முதல்முறை என்று நினைத்து டெத்சுரோ தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

புதன்கிழமை பிற்பகலில் மிஸுவே நகர மன்றத்தில் ஓவிய வகுப்பு எடுக்கப் போவாள். அவள் தெரு திரும்பியதும் இவர் மாடி ஏறுவார். அப்போது மணி மூன்று பத்து. கைப்பிடியைப் பிடிப்பார். வினாடிக்கு ஒரு ஆட்டம். பத்து நிமிஷம். அறுபத்தோரு வயதில் அது சும்மா விளையாட்டில்லை. முதல் நிமிஷத்தில் வியர்த்தது. இரண்டாவதில் மூச்சு வாங்கியது. மூன்றாவதில் ஆடுவது கதவா, தானா என்று சந்தேகம் வந்தது.

இரண்டாவது வாரமே அடுத்த வீட்டு குவஹாத்தா அம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"சார், உங்க வீட்டு மாடியில புதன்கிழமையானா தொப்பு தொப்புன்னு கதவு அடிக்குதே?"

"உடற்பயிற்சி."

"உடற்பயிற்சிக்குக் கதவு எதுக்கு?"

"அதைப் பிடிச்சுக்கிட்டுப் பண்றது. தோளுக்கு ரொம்ப நல்லது."

"எங்க வீட்டுக்காரருக்கும் சொல்லிக்கொடுங்களேன். தோள் வலி, தோள் வலின்னு படுத்தே கிடக்கார்."

"அது... கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனவங்கதான் செய்யலாம்."

"எங்களுக்கு முப்பத்தஞ்சு ஆச்சே!"

"அப்ப வயசு தாண்டிருச்சு," என்று சொல்லிவிட்டு டெத்சுரோ உள்ளே ஓடிவிட்டார்.

ஆறு புதன்கிழமைகள். மிஸுவே வாயே திறக்கவில்லை. மாடியில் நாள் முழுக்க வரைந்துகொண்டிருந்தாள். ஒருநாள் தேநீர் கொண்டுபோகிற சாக்கில் எட்டிப் பார்த்தார். ஒரு கோப்புக்கு 'புதன்' என்று பெயர் வைத்திருந்தாள். டெத்சுரோவுக்குத் தலைகால் புரியவில்லை. மீன் தூண்டிலில் சிக்கிவிட்டது. பலகையை எந்த ஜன்னலோரம் போடுவது என்று மனதுக்குள் அளந்தும் வைத்துவிட்டார்.

ஞாயிறு மதியம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அறிவியல் கூடத்தில் அவள் படைப்பைத் திரையிட்டார்கள். எழுபது பேர் வந்திருந்தார்கள். நாற்காலி கிடையாது. எல்லாரும் மரத்தரையில் உட்கார வேண்டும். தரைக்கு அடியில்தான் ஒலிபெருக்கி. டெத்சுரோ வெற்றிப் புன்னகையோடு முன்வரிசையில் சம்மணம் போட்டார். வீட்டுக்குப் போனதும் நிதானமாக உண்மையைச் சொல்லி அறையை வாங்கிக்கொள்வது என்று முடிவு.

விளக்கு அணைந்தது.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு தரை வழியாகத் தொடைக்குள் ஏதோ ஏறியது. காது கேட்பதற்கு முன்பே எலும்பு கேட்டது. திரையில் இருட்டான விரிகுடா. மலையின் வாயிலிருந்து ஒரு வளையம் கிளம்பியது. மெல்லிய நீலம். ஒரே கோடாக வரவில்லை. கையால் வரைந்த ஆயிரம் கோடுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. அது தண்ணீருக்கு மேலே பரவியது. படகைத் தொட்டபோது வளைந்தது. கரையில் மோதியபோது ஒரு பகுதி திரும்பியது. மீதி தெருக்களுக்குள் நுழைந்து, வீடு வீடாகப் புகுந்து, கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. கூடவே குரல். உறுமல் என்று சொல்ல முடியாது. ஏதோ மிகப் பெரிய ஒன்று தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

டெத்சுரோ வாயைப் பிளந்தார். அலை தடையில் வளைவதை முப்பத்தேழு வருஷம் பலகையில் வரைந்தவர் அவர். அம்புக்குறி போட்டிருக்கிறார். பரீட்சையில் கேட்டிருக்கிறார். ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் பார்த்தார். ஓர் அளவு பிசகவில்லை. ஓர் எண்ணும் இல்லை.

பக்கத்தில் படகுத் துறையின் சீருடையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். "தினமும் நாலு தடவை அது காலடியில போயிட்டு வரேன்," என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். "இத்தனை நாளா இது பேசிட்டிருந்துச்சா?"

டெத்சுரோ அவர் பக்கம் திரும்பினார். என் மனைவி, என்று சொல்லத் தோன்றியது. இதைச் செய்தது என் மனைவி.

அப்போது திரையில் எழுத்து விழுந்தது: 'அடுத்து, புதன்கிழமை.'

டெத்சுரோ நாலு பக்கமும் பார்த்தார். இத்தனை பேர் இப்படி நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இரண்டு வருஷ உழைப்புக்கு நடுவில், ஒரு மரக்கதவு. அவர் கதவு. நாளைக்கு எவனாவது நிபுணன் கண்டுபிடித்துச் சொன்னால் மிஸுவேயின் பேர் என்ன ஆகும்? அறையாவது, ஷோகியாவது!

"நிறுத்துங்க!" என்று எழுந்துவிட்டார்.

எழுபது தலைகள் திரும்பின.

"அடுத்து வர்றது மலை இல்லை. நான். நான்தான் கதவை ஆட்டி ஏமாத்தினேன். அவமேல தப்பு கிடையாது. அவ வரைஞ்சது அத்தனையும் நிஜம். இவ்வளவு அழகான ஒண்ணை நான் பார்த்ததே இல்லை. புதன்கிழமை மட்டும் பொய். அதை எடுத்துடுங்க. மன்னிச்சுடுங்க." இடுப்பு மடிய வணங்கினார். நிமிரவே இல்லை.

கூடத்தின் பின்புறம், கணினிக்குப் பின்னாலிருந்து மிஸுவேயின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"முடிஞ்சுதாங்க?"

"...முடிஞ்சுது."

"உட்காருங்க. பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்குது."

உட்கார்ந்தார். படம் ஓடியது.

'வீட்டு எரிமலை. உயரம் ஒரு மீட்டர் அறுபத்தைந்து. எடை எண்பத்தொரு கிலோ. புதன்கிழமைதோறும் சீறும். இன்னும் அணையவில்லை.'

திரையில் ஒரு குட்டி மலை. கம்பளிச் சட்டை போட்டிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடியது. தரைக்கடியிலிருந்து கொழுத்த வண்டு ஒன்று இரைவதுபோல் 'ம்ம்ம்' என்று சத்தம். திடீரென்று நிற்கும். மலை உட்கார்ந்து உச்சி வியர்வையைத் துடைத்துக்கொள்ளும். காதுவழியாகப் புகை விடும். மறுபடி 'ம்ம்ம்'. ஆறு புதன்கிழமைகள் வேகமாக ஓடி முப்பத்தாறு வினாடியில் முடிந்தன. கூடம் குலுங்கியது, இந்த முறை ஒலிபெருக்கியால் இல்லை. படகுத் துறைக்காரர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஆனால் டெத்சுரோ வேறொன்றையும் பார்த்தார். கதவிலிருந்து கிளம்பிய வளையங்கள். மலையின் அலையை எத்தனை கவனமாக வரைந்திருந்தாளோ, அத்தனை கவனமாக இவற்றையும் வரைந்திருந்தாள். அவை அறையைச் சுற்றி, சுவரில் கசிந்து, அடுத்த வீட்டு வேலிவரை தத்தித் தத்திப் போய் அடங்கின. விரிகுடாவுக்கு அப்பால் பெரிய மலை கொஞ்சம் குனிந்து எட்டிப் பார்த்தது.

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

வீட்டுக்குத் திரும்பும் டிராமில் கேட்டார். "எப்பத் தெரியும்?"

"முதல் புதன்கிழமையே."

"எப்படி?"

"குவஹாத்தா அம்மா வீட்டு ஆரஞ்சுச் செடித் தொட்டிக்குப் பின்னாடி இன்னொரு ஒலிவாங்கி இருக்குங்க. மலை கத்தினா ரெண்டுலயும் விழும். உங்களது நம்ம வீட்டுல மட்டும்தான் விழுந்துச்சு. அதுவும் போக, மலை நடுநடுவுல நின்னு மூச்சு வாங்காது. மலைக்குப் புதன்கிழமையும் தெரியாது."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நிறுத்தியிருப்பீங்க. எனக்கு ஆறு வாரம் தேவைப்பட்டுச்சு."

டெத்சுரோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த வளைவு," என்றார். "படகைத் தொட்டதும் அலை வளையுதே. அதைப் பசங்களுக்கு நான் காட்டியிருக்கணும்."

"வந்து காட்டுங்களேன்," என்றாள் மிஸுவே.

காட்டும்படி ஆனது. அறிவியல் கூடத்தின் பொறுப்பாளர் நகசோனோ என்ற பெண்மணி மறுநாளே தொலைபேசியில் வந்தாள். எரிமலையைவிடக் கதவைத்தான் ஜனங்கள் அதிகம் கேட்கிறார்களாம். மாதத்தில் இரண்டு ஞாயிறு மேடையில் நிஜமாகவே கதவு ஆட்ட முடியுமா? திரையில் அலைகள் அப்போதைக்கப்போதே தெரியும்படி மிஸுவே செய்துதருவாள்.

"ஒரு கலைஞன் என்ற முறையில் யோசிக்கிறேன்," என்றார் டெத்சுரோ. இரண்டு வினாடி யோசித்தார். சம்மதித்தார். முடிவெட்டிக்கொண்டார். புதுக் கம்பளிச் சட்டை வாங்கினார். குவஹாத்தா அம்மாவின் வீட்டுக்காரரை அழைத்துக் கதவை ஆட்டும் நுணுக்கங்களை விளக்கினார். தோள் வலியோடு அவர் முழுவதையும் கேட்டார்.

முதல் ஞாயிறு, மேடைக்குப் பின்னால், அச்சிட்ட நிகழ்ச்சித் தாள் கைக்கு வந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் பேரைத் தேடினார். படம், சமேஷிமா மிஸுவே. ஒலி, சமேஷிமா மிஸுவே. கலைஞர்கள் என்ற இடத்தில் வேறு பேர் இல்லை. தாளைத் திருப்பினார். பின்பக்கம், அடியில், சின்ன எழுத்தில் கருவிகள் பட்டியல். தாழ்சுர ஒலிவாங்கி, இரண்டு. கணினி, ஒன்று. கீல் வைத்த மரக்கதவு, ஒன்று. கணவர், ஒன்று.

"மிஸுவே!" என்று பல்லைக் கடித்தார். "கருவியில சேர்த்ததுகூடப் பரவாயில்லை. 'ஒருவர்'னாவது போட்டிருக்கக் கூடாதா?"

"போட்டுத்தாங்க அனுப்பினேன்," என்றாள் மிஸுவே, அவர் காலரைச் சரிசெய்துகொண்டே. "கருவிக்கு அப்படி வராதுன்னு அச்சகத்துலதான் திருத்திட்டாங்க."