அத்தையைத் திருப்பி அனுப்பக் கோருவதும், அதற்கான ஸ்ப்ளிட்டர் விளக்கமும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் ஆசிகளோடு எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே டிவியைத் தவிர எல்லோரும் சௌக்கியம். இன்று காலை முதல் டிவியும் சௌக்கியம். ஆகவே, "படம் ஒழுங்கா தெரியற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அங்கே வந்திருக்கும் உங்கள் அத்தையைத் தயவுசெய்து பஸ் ஏற்றி அனுப்பவும். போனில் என் குரலைக் கேட்டாலே வைத்துவிடுகிறாள். அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஸ்டோர் கீப்பராகவே காலம் தள்ளியவன் நான். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை. உங்கள் மைத்துனர்கள் பெரியவனும் சின்னவனும் ரிமோட்டுக்கு மல்லுக்கட்டியபோது, ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் வாங்கி மாட்டி, பெரியவன் அறையில் ஒரு டிவி வைத்தேன். மருமகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள், சமையலறைக்கு ஒன்று. சின்னவனுக்கு ரோஷம் வந்தது, மாடிக்கு ஒன்று. என் தம்பி வந்து தங்கினான், முன்னறைக்கு ஒன்று. யார் கோபித்துக்கொண்டாலும் நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுவேன், மாப்பிள்ளை. வீட்டில் அப்படி ஓர் அமைதி! ஆனால் ஹாலில் மட்டும், அத்தையின் சீரியல் கதாநாயகி அழ ஆரம்பித்தால் சதுரம் சதுரமாகச் சிதறிப்போவாள். அவள் ஒன்றுசேர்வதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

கேபிள்காரரைக் கூப்பிட்டேன். வாசலில் நின்றபடியே, "சிக்னல் சும்மா பிச்சுக்கிட்டு வருது சார், உங்க டிவிதான் கெழடு" என்றார். பெரிய டிவியாக வாங்கினேன். சதுரங்களும் பெரிதாயின. அன்றைக்குத்தான் அத்தை பெட்டியைத் தூக்கினாள்.

வெறுத்துப்போய் இன்று பீரோவை நகர்த்திப் பார்த்தேன். ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் ஸ்ப்ளிட்டர். தம்பி டிவியோடு கிளம்பிப் போனபிறகும் அவன் பங்கு சுவரோரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனையையும் கழற்றி, வெளியிலிருந்து வரும் ஒயரை நேராக ஹால் டிவியில் செருகினேன். பளிச்! ஒவ்வொரு ஸ்ப்ளிட்டரும் தன் பங்கை வாரிக்கொண்டு மிச்சத்தைத்தான் அடுத்ததற்குத் தள்ளியிருக்கிறது.

பெரியவன் குதித்தான். "அப்ப நாங்கல்லாம் எதுலப்பா பாக்கறது?" என்றான் சின்னவன். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக முடியாது என்று சொன்னேன். "உங்கம்மா வேணுமா, ஆளுக்கொரு டிவி வேணுமா?" என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அத்தைக்கு ஜன்னலோர சீட்டாகப் பார்க்கவும். உங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் பெரியவன் அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட, அத்தை மத்தியான பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டாள். என்னோடு பேசினாள், சிரித்தாள்கூட. சீரியல் ஆரம்பித்தது. கதாநாயகி அழுதாள். அத்தை டிவிக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணியில்லையே! இத்தனை வருஷமா இவளுக்காகவா நான் உக்காந்து அழுதேன்?" என்றாள். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. நான் ஸ்ப்ளிட்டர்களைத் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கிறேன். சீரியல் முடிவதற்குள் படம் கெடாவிட்டால், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அத்தை அங்கே இருப்பாள்.