புவனேந்திரன் வெளிநாட்டில் நின்ற நாட்கள்

“திங்கட்கிழமை விடிய ஜெர்சிக்கு வெளிக்கிடவேணும். மூண்டு கிழமை வேலை,” என்று முதலாளி அருந்தவராசா தொலைபேசியில் சொன்னபோது, புவனேந்திரன் யூகேயில், பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மீன்கடையின் குளிர் அறைக்குள் நின்றான். அந்தக் குளிரிலும் அவனுக்கு வியர்த்தது.

“அண்ணை, எனக்குக் காது நோகுது,” என்றான்.

காதுக்கு ஒன்றுமில்லை. கணக்குத்தான் நொந்தது.

நிரந்தர வதிவிட உரிமை கிடைத்து அடுத்த மாதத்தோடு ஒரு வருடம். அன்றைக்கே குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அவன் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தான். ஆனால், விண்ணப்பத்துக்கு முந்திய ஒரு வருடத்தில் தொண்ணூறு நாட்களுக்கு மேல் நாட்டுக்கு வெளியே நின்றிருக்கக் கூடாது என்பது விதி. அருந்தவராசாவின் கம்பனி கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் குளிர் அறை பொருத்திக் கொடுப்பது. பாதி வேலை ஜெர்சித் தீவில். போய் நின்ற நாட்களைக் கூட்டிப் பார்த்தால் அவனுக்கு மிச்சம் நான்கே நாட்கள்.

ஜெர்சி பிரெஞ்சுக் கரைக்குப் பக்கத்தில் கடலுக்குள் கிடக்கிறது. தனிப் பாராளுமன்றம், தனி நோட்டு. யூகேயின் பகுதி அல்ல என்று குடியுரிமைச் சோதனைப் புத்தகமே சொல்கிறது. அந்தப் புத்தகத்தை முதற் பக்கத்திலிருந்து பாடமாக்கித்தான் புவனேந்திரன் சோதனையில் பாஸானவன்.

இந்த அவதி எல்லாம் பாரிசில் இருக்கும் ராஜி அக்காவுக்காக. அவளுடைய மகளுக்கு வருகிற ஆவணியில் கலியாணம். பெண்ணுக்கு இருப்பது ஒரேயொரு தாய்மாமன். அந்தத் தாய்மாமனுக்குப் பிரெஞ்சு விசா மூன்று முறை மறுக்கப்பட்டிருந்தது.

“நீ வராட்டி மணவறையிலை உன்ரை இடத்திலை ஆரை நிப்பாட்டிறது?” என்று அக்கா கேட்டிருந்தாள். “பக்கத்து வீட்டு மொரோக்கோக்காரனையோ?”

பிரித்தானியப் பாஸ்போட் கையில் இருந்தால் காலையில் ரயில் ஏறி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாரிசில் நிற்கலாம். கணக்குத் தவறினால் விண்ணப்பம் பின்னுக்குப் போகும். கலியாணம் அவன் இல்லாமலே நடக்கும்.

இதை முதலாளியிடம் சொல்லவும் பயம். ஜெர்சிக்குப் போகமாட்டேன் என்று சொன்ன முந்திய பெடியனை அவர் அடுத்த கிழமையே வீட்டுக்கு அனுப்பியவர்.

“காது நோவெண்டால் பிளேன் ஏறக்கூடாதுதான்,” என்றார் அருந்தவராசா. “நீர் கப்பல்லை போம்.”

“கப்பல் எனக்கு ஒத்துவராதண்ணை. சத்தி எடுப்பன்.”

“போன மாதமும் கப்பல்லைதானே போனனீர்?”

“அப்பதான் தெரிய வந்தது.”

“சரி, உம்மோடை வேலை செய்யிற துஷாந்தனை அனுப்பிறன். நீர் உடம்பைப் பாரும்.”

தப்பினோம் என்று புவனேந்திரன் நினைத்தான். அன்று பின்னேரமே முதலாளியின் மனைவி அருமைநாயகி வீட்டுக்கு வந்துவிட்டார். வயிற்றுக்கு ஒரு போத்தல் இஞ்சிச் சாறு. காதுக்கு உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்.

“சரிஞ்சு படும் தம்பி. நானே விட்டுவிடுறன்.”

விட்டுவிட்டுத்தான் போனார். மூன்று நாளைக்கு அவனுக்கு உண்மையிலேயே காது கேட்கவில்லை.

துஷாந்தன் சாமான் ஏற்றும்போது இரகசியமாக ஒரு வழி சொன்னான். இரகசியத்தை மூன்று தரம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

“அண்ணை, ஜெர்சிக்குப் போகேக்கை பாஸ்போட்டிலை ஒருத்தனும் முத்திரை குத்திறேல்லை. அதை எழுதாமல் விடுங்கோ. ஆருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்,” என்றான் புவனேந்திரன். “பொய் எழுதிப்போட்டுக் கையெழுத்து வைக்க என்னாலை ஏலாது.”

“முதலாளிக்குச் சொன்னது?”

“அதுக்குக் கையெழுத்து வைக்கேல்லையே.”

துஷாந்தன் ஜெர்சிக்குப் போய்க் குளிர் அறைக் கதவைப் பக்கம் மாறிப் பொருத்தினான். உள்ளிருந்து திறக்கும் கைபிடி வெளியே வந்துவிட்டது. ஹோட்டலின் தலைமைச் சமையற்காரர் ஐஸ்கிறீம் எடுக்க உள்ளே போனார். அவரைக் காணவில்லை என்று மற்றவர்கள் நினைக்கும்போது அரைமணித்தியாலம் போயிருந்தது. நீலம் பாரித்த உதடுகளோடு வெளியே வந்தவர், முதலில் கம்பளி கேட்டார். அடுத்ததாகப் புவனேந்திரனைக் கேட்டார்.

அருந்தவராசா இனிப்புப் பெட்டியோடு வேலைத்தளத்துக்கே வந்தார்.

“ஹோட்டல்காரருக்கு இனி நீர்தான் வேணுமாம். நானும் யோசிச்சன். ஜெர்சியிலை ஒரு கிளை திறப்பம். நீர்தான் மனேஜர். சம்பளம் கூட்டித் தாறன், வீடும் தாறன். வாற கிழமை தொடக்கம் அங்கையே நிரந்தரமா இரும்.”

பன்னிரண்டு வருடமாக எதிர்பார்த்த பதவி உயர்வு. புவனேந்திரன் லட்டை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்கவும் ஏலாமல் துப்பவும் ஏலாமல் நின்றான்.

வீட்டில் மனைவி ஜெகதீஸ்வரி முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “நீங்கள் இனி வாயைத் திறவாதேங்கோ. ஒவ்வொரு முறையும் திறந்துதான் இவ்வளவும். நான் அருமைநாயகி அக்காவோடை கதைக்கிறன்.”

கதைத்துவிட்டு வெற்றியோடு திரும்பி வந்தாள்.

“என்ன சொன்னனீர்?”

“நீங்கள் சின்னனிலை கடலுக்கை விழுந்தனீங்கள், கடலைக் கண்டால் கைகால் நடுங்குமெண்டு சொன்னன்.”

“நான் பிறந்தது மீசாலை. அங்கை எங்கையப்பா கடல்?”

“அவ பிறந்தது நுவரெலியா. அவவுக்கு அது தெரியாது.”

ஞாயிறு காலை அழைப்புமணி அடித்தது. வாசலில் அருந்தவராசா, தோளில் துவாயோடு.

“மனிசி எல்லாம் சொன்னவ. ஏன் தம்பி இவ்வளவு நாளும் மறைச்சனீர்? வெளிக்கிடும். இண்டையோடை உம்மடை பயத்தை எடுத்துவிடுறன்.”

கவுன்சில் நீச்சல் குளத்தில், நெஞ்சளவு தண்ணீரில், ஊதா நிறக் காற்சட்டையோடு முதலாளி முன்னே நின்றார். புவனேந்திரன் ஒரு மஞ்சள் மிதவைப் பலகையைக் கட்டிப்பிடித்தபடி பின்னே நின்றான். பக்கத்தில் நீந்தப் பழகிக்கொண்டிருந்த ஆறு வயதுப் பிள்ளைகள் பயிற்சியை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார்கள்.

“கண்ணை மூடும். இது ஜெர்சிக் கடலெண்டு நினையும். இனித் தலையைத் தாழும்.”

“அண்ணை, உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?”

“தெரியாது. ஆனால் எனக்குப் பயமில்லை.”

சொல்லி முடியவில்லை, கால் வழுக்கி அவர் தண்ணீருக்குள் போய்விட்டார். புவனேந்திரன் பலகையை எறிந்துவிட்டுப் பாய்ந்து, கக்கத்தில் பிடித்துத் தூக்கி நிமிர்த்தினான். அருந்தவராசா இருமினார், துப்பினார், பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“தண்ணிக்குப் பயந்தவன் பாயிற பாய்ச்சலோ இது?”

இனி மறைக்க முடியவில்லை.

“காதும் சுகமண்ணை. வயிறும் சுகம். கடலுக்கும் பயமில்லை. வெளிநாட்டு நாள்தான் கூடிப்போச்சு. இன்னும் ஒரு கிழமை ஜெர்சியிலை நிண்டால் சிற்றிசன் கிடையாது. அக்காவின்ரை பெட்டையின்ரை கலியாணத்துக்குப் போகேலாது. சொன்னால் முந்தின பெடியனைப்போலை அனுப்பிப்போடுவீங்களெண்டு பயந்திட்டன்.”

“அடேய், அவன் என்ரை கம்பிரசரைக் களவா வித்தவன். அதுக்கெல்லோ அனுப்பினனான்.”

குளத்தின் ஓரத்தில் இரண்டு பேரும் துவாயைப் போர்த்திக்கொண்டு இருந்தார்கள். அருந்தவராசாவின் முகம் வாடிப்போயிருந்தது.

“பன்ரண்டு வருசம் என்னோடை நிக்கிற மனிசன். என்ரை வேலைக்குப் போய்த்தானே உமக்கு இந்தக் கெடுதி. மருமோள் ஆரணியைக் கேப்பம். குரோய்டனிலை இந்த விசா கேசுகள்தான் பாக்கிறவள்.”

தொலைபேசியைச் சத்தமாகப் போட்டார்.

“பிள்ளை, என்ரை பிழை. நான்தான் புவனேந்திரனை ஜெர்சிக்கு அனுப்பி அனுப்பிக் கெடுத்துப்போட்டன். கடிதம் வேணுமெண்டால் எழுதித்தாறன். ஒப்பீசுக்கு வந்து சொல்லெண்டால் வந்து சொல்லுறன். மனேஜர் வேலையும் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். எப்பிடியாவது இந்த மனிசனைக் கலியாணத்துக்கு அனுப்பவேணும்.”

புவனேந்திரன் குனிந்துகொண்டான். கண்ணில் இருந்தது குளத்துத் தண்ணீர்தான் என்று முதலாளி நினைக்கட்டும்.

“வெயிற் பண்ணுங்கோ மாமா,” என்றாள் ஆரணி. “அங்கிள், இந்த அஞ்சு வருசத்தில ஜெர்சியைவிட வேற எங்க போனீங்க? சிலோன்?”

“போகேல்லைப் பிள்ளை. நாட்களை மிச்சம் பிடிச்சனான்.”

“பிரான்ஸ்?”

“விசா தரேல்லை.”

“ஸ்விஸ், கனடா? ஒரு ஹொலிடே?”

“ஒண்டுமில்லை. ஜெர்சி மட்டும்தான்.”

மறுபக்கத்தில் ஆரணி சிரிப்பது கேட்டது.

“கலியாணத்துக்கு வேட்டி வாங்குங்கோ அங்கிள், குடியுரிமைச் சட்டத்தில ஜெர்சியும் யூகேக்குள்ளதான் சேத்தி, நீங்க அஞ்சு வருசமா வெளிநாட்டுக்கே போகேல்லை.”