ஒன்பது பிள்ளைகள், பதினொரு நிர்வாகிகள்

இலவசமாகக் கிடைப்பதைத் தேர்ந்தெடுக்கத்தான் மனிதன் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்கிறான். விலைக்கு வாங்குவதென்றால் சட்டைப்பையே முடிவு செய்துவிடும். நான் ஆறு மாதம் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியனாக இருந்தேன். உயர்தர வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை. பண்டாரவளை நகரில் படிப்பித்த யாழ்ப்பாணத்துச் சிவகௌரி டீச்சர் இணையவழியில் கற்பிக்கச் சம்மதித்தார். ஒரு பாடத்தை நடத்திக் காட்டினால் பாடசாலைக்கு நிரந்தர இணைப்புத் தருவதாகக் கல்வி அதிகாரி சொன்னார். தவறினால் இணைப்பு வேறு பாடசாலைக்கு. பிள்ளைகள் விஞ்ஞானத்தையே கைவிட வேண்டியதுதான்.

மென்பொருள் தேர்வு என் தலையில். திறந்த மூல மென்பொருள் என்ற சொல்லே எனக்குப் போதையேற்றியது. யாரும் திறக்கலாம், யாரும் திருத்தலாம், முழுச் சுதந்திரம். கேட்காமலே எல்லா வீட்டுக்குள்ளும் நுழையும் மூடுபனி போல. (அப்போது எதையும் மூடுபனியோடுதான் ஒப்பிடுவேன். வயசு அப்படி.) பதின்மூன்று மென்பொருள்களுக்கு எண்பது பக்கக் கொப்பியில் புள்ளி போட்டு ஒன்றைத் தேர்ந்தேன். அதில் படிப்பவருக்கு ஒரு கடவுச்சொல். எதையும் மாற்றவும் அழிக்கவும் வல்ல நிர்வாகிக்கு வேறொன்று.

கணினி கிடைக்க உதவிய தொழிற்சங்கத் தலைவர் ராமையாவை மரியாதைக்காக நிர்வாகியாக்கினேன். மறுநாளே எதிர்ச்சங்கத்துச் செல்லமுத்து தலைவர் வந்து நின்றார்.

"ஏன் சேர், அவருக்குக் குடுத்துட்டு எனக்குக் குடுக்கலைன்னா லயத்து வீட்டுப் பக்கம் நான் எப்புடிங்க தலைய காட்டுறது?"

"இது பாடம் நடத்துறதுக்குங்க, தலைவர்."

"இருக்கட்டுங்க. திருவிழா நோட்டீஸ்ல அம்புட்டுப் பேரும் போடுறீங்கல்ல? அம்புட்டுப் பேருமா சாமி தூக்குறோம்?"

அவரையும் நிர்வாகியாக்கினேன். நோட்டீஸில் ஒரு பெயர் விடுபட்டுத் தேரே நின்ற தோட்டம் எங்களுடையது. கோயில் கமிட்டி, பெரிய கங்காணி, மரண உதவிச் சங்கம் என வாரி வழங்கினேன். நிர்வாகிகள் பதினொரு பேர். (சுதந்திரம் என்றால் சும்மாவா!)

அதிகாரி வந்த அன்று தோட்ட ஆபீசிலிருந்து தொலைபேசி வயரை இழுத்து வந்து இணைத்தோம். பக்கம் திறந்தது. பாடம் இருக்கவேண்டிய இடத்தில் செல்லமுத்து தலைவர் மாலையோடு படமாகச் சிரித்தார். என் பக்கத்தில் நின்று பார்த்த ராமையா தலைவர் கைப்பேசியோடு வெளியே பாய்ந்தார். பண்டாரவளையில் காசுக்கு இணையம் பார்க்கும் கொமினிகேஷன் கடையில் இரு தரப்பும் ஆள் வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"டேய், அவன தூக்குடா! என்னைய போடு!"

மறுபடி திறந்தேன். ராமையா தலைவர், இன்னும் பெரிய மாலை. வாசலில் நின்ற செல்லமுத்து தலைவரும் கைப்பேசியை எடுத்தார்.

என் கைப்பேசியும் அடித்தது. டீச்சர்.

"சேர், நான் போட்ட ஆறு பாடத்தையும் காணேல்லை. ஆர் அழிச்சது?"

"தலைவர், டீச்சர்."

"எந்தத் தலைவர்?"

"எல்லாத் தலைவரும்."

அதிகாரி கோப்பை மூடினார். "மாஸ்டர், கெமிஸ்ட்ரி எப்போ தொடங்கும்? எலெக்ஷன் முடிஞ்ச பிறகா?"

இணைப்பு வேறு பாடசாலைக்குப் போயிற்று. டீச்சர் மட்டும் விடவில்லை. "உங்கட சுதந்திரத்தை நீங்களே வச்சிருங்கோ. நான் சனிக்கிழமையில பஸ்ஸில வாறன்."

வந்தார். ஒன்பது பேரும் இரசாயனவியல் எழுதினார்கள். பஸ்ஸிலிருந்து வகுப்புவரை அவருடைய பையைத் தூக்கிய என்னை இரண்டு வருடத்தில் அவரே கைப்பிடித்தார்.

இன்றுவரை மனைவியின் கணினிக் கடவுச்சொல் எனக்குத் தெரியாது. கேட்டால் மகள்தான் முந்திக்கொள்வாள்:

"அப்பாட்டச் சொன்னா கொஸ்லந்தைக்கே சொன்ன மாதிரி!"