ராமுத்தாயின் உற்சாகம் குறித்த விசாரணை

ஒரு வாக்காளர் ஒரு வேட்பாளரைப் பார்த்து உற்சாகப்படலாமா, படலாம் என்றால் எந்த அளவுக்குப் படலாம் என்பது பற்றி நம் தேர்தல் விதிகளில் தெளிவாக ஒன்றும் இல்லை. இந்தக் குறையினால் எங்கள் வார்டில் மூன்று நாள் அரசு இயந்திரம் இரவு பகல் பாராமல் உழைக்க வேண்டி வந்தது. அந்த உழைப்பில் எனக்கும் பங்கு உண்டு. நான் மணியாத்து எஸ்டேட் பள்ளியில் தற்காலிகத் தமிழ் ஆசிரியன். தற்காலிகமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. தேர்தல் சமயத்தில் மலையாளம் பேசும் அதிகாரிகளுக்கும் தமிழ் பேசும் தோட்டத்து ஜனங்களுக்கும் நடுவில் என்னை மொழிபெயர்ப்பாளராகப் போட்டிருந்தார்கள். ஆர்டரில் என் பெயரைத் தப்பாக அடித்திருந்ததால் இங்கேயும் அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

சம்பவம் நடந்தது பஞ்சாயத்துத் தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்கு. சித்திரபுரத்திலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் கீழ் டிவிஷன் லயம் வரும். ஒரே வரிசையில் பதினாலு வீடு. அங்கே ஜீவிதா என்ற வேட்பாளர் இரண்டாம் முறையாக ஓட்டுக் கேட்டு வந்தார். வயது முப்பது, சட்டம் படித்தவர், முற்போக்கு மக்கள் மேடை என்ற புதுக் கட்சி. அவர் ஜீப்பை விட்டு இறங்கியதுதான் தாமதம், துணி துவைத்துக்கொண்டிருந்த ராமுத்தாய் சோப்பைக் கீழே போட்டுவிட்டு ஒரு குலவை போட்டாள். அம்மன் கொடைக்குப் போடுகிற முழுக் குலவை. எதிர்ச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

மாடுகளோடு பறக்கும் படையும் பார்த்தது. பறக்கும் படை என்பது ஒரு ஜீப், ஒரு கேமராக்காரர், ஒரு அதிகாரி. எங்கள் ஏற்றத்தில் அது பறப்பதில்லை, நாங்கள்தான் தள்ளிவிடுவோம். அதிகாரி ஜின்சன், பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க். நல்ல மனுஷன். விதிப் புத்தகத்தில் இருப்பதை விட்டு ஒரு எட்டு இப்படி அப்படி வைக்கமாட்டார். எங்களிடம் பேசும்போது மலையாளத்தைப் பாதித் தமிழாக்கிப் பேசுவார்.

"மைக் எவிட?" என்றார்.

"எந்த மைக்கு சார்?" என்றாள் ராமுத்தாய்.

"இப்ப ஒரு ஒச்ச கேட்டல்லோ, அது?"

"அது நான்தான் சார். குலவை."

"பெர்மிஷன் உண்டோ?"

"வாய்க்கா சார்?"

ஜின்சன் படிவத்தை எடுத்தார். ‘ஒலி சாதனத்தின் விவரம்’ என்ற இடத்தில் ‘ராமுத்தாய், வயது 52, எண்ணிக்கை 1’ என்று எழுதினார். அடுத்த வரி ‘சாதனம் பறிமுதல் செய்யப்பட்டதா’ என்று கேட்டது. அவர் ராமுத்தாயையும் ஜீப்பின் பின் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், சாதனம் தேர்தல் முடியும்வரை மூடியே இருக்க வேண்டும், உணவு மற்றும் தேநீர்த் தேவைகளுக்கு மட்டும் திறந்துகொள்ளலாம் என்று எழுதி, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். மொழிபெயர்த்தேன். ராமுத்தாய் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினாள்.

விஷயம் அதோடு போயிருக்கும். ஆனால் கேமராக்காரர் எடுத்த வீடியோ மேலே போயிற்று. மேலிடத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது: ‘இந்தப் பெண்மணி எதற்காகச் சந்தோஷப்படுகிறார்?’ வாக்காளர் சந்தோஷப்பட அலுவலகம் அறிந்த காரணங்கள் மூன்று. ஒன்று, கையூட்டு. இரண்டு, மதம். மூன்று, உறவு. வேறு காரணத்துக்காக ஒரு வாக்காளர் சந்தோஷப்பட்டதாக ஆபீஸில் பழைய பதிவு எதுவும் கிடையாது. முதல் இரண்டில் ஒன்று நிரூபணமானால் ஜீவிதா தேர்தலில் நிற்பதே சந்தேகம். மூன்று நாளுக்குள் அறிக்கை தர வேண்டும்.

அன்று சாயங்காலம் ராமுத்தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

"வாத்தியாரே, அந்தப் புள்ளை நின்னாத்தான் எங்களுக்குக் கதவு வரும். என் வாயால அது கெட்டுப்போயிருமா?"

கதவு என்று அவள் சொன்னது கக்கூஸ் கதவை. பதினாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ். ஒன்பது வருடம் முன்னால் ஒரு மழைக்காற்றில் அதன் கதவு பள்ளத்தில் போய் விழுந்தது. எஸ்டேட் பஞ்சாயத்தைக் கைகாட்டியது, பஞ்சாயத்து எஸ்டேட்டைக் கைகாட்டியது, நடுவில் ஒரு சாக்குத் தொங்கியது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று சாக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ராமுத்தாய்க்குப் பக்கத்து வீட்டு முருகேஸ்வரி பிடிப்பாள், முருகேஸ்வரிக்கு ராமுத்தாய் பிடிப்பாள். காற்றடிக்கும் நாளில் ரெண்டு பேர் வேண்டும்.

மறுநாள் கட்சியிலிருந்து நஜீம் வந்தார். பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார் என்பதற்காக அனுப்பியிருந்தார்கள். கட்சியில் அவருடைய பொறுப்பின் பெயர் ‘மக்கள் உற்சாக ஒருங்கிணைப்பாளர்’. துணிப்பை, கைத்தறி ஜிப்பா, மூங்கில் தண்ணீர் பாட்டில். இப்போது முற்போக்கு என்றால் மூங்கில் பாட்டில் இல்லாமல் வெளியே வரக்கூடாது போல.

"அக்கா, குலவையெல்லாம் அந்தக் காலத்துதுங்க. நாம முற்போக்குங்க. சந்தோசம் வந்தா கை தட்டோணும். அதுவும் கருத்தைக் கேட்டு முடிச்சுட்டுத்தான் தட்டோணும்."

"அது தன்னால வந்திருச்சய்யா."

"தன்னால வர்ற உற்சாகத்தைக் கட்சி ஆதரிக்கிறதில்லீங்க."

விசாரணையில் சொல்வதற்கு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தார். ‘பங்கேற்பு ஜனநாயகத்தின் மீது நான் கொண்டுள்ள கருத்தியல் நம்பிக்கையே எனது உற்சாகத்தின் அடிப்படை.’ ராமுத்தாய் அதைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இதுல கதவு எங்கய்யா வருது?"

"கதவு அதுக்குள்ள அடங்கியிருக்குதுங்க."

மூன்றாம் நாள் விசாரணை. எஸ்டேட் பிள்ளைகள் காப்பகத்தில் வைத்தார்கள். அங்கே குழந்தை நாற்காலி மட்டும்தான் உண்டு. ஜின்சன் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்து, கோப்பைத் தொடையில் விரித்தார். ராமுத்தாய் ஒரு கையில் நஜீமின் காகிதத்தோடு நின்றாள். முருகேஸ்வரி எல்லோருக்கும் கட்டஞ்சாயா கொடுத்தாள். பால் விடாத அந்தச் சாயாவை ஜின்சன் விசாரணை முடிவதற்குள் மூன்று கிளாஸ் குடித்தார்.

"ஜீவிதா சாரி தந்நோ?"

"இல்ல சார்."

"குக்கர்?"

"இல்ல சார். அது போன தடவை தோத்தவரு குடுத்தாரு. அவருக்கு நாங்க குலவை போடலையே."

"குலவை கோயில் காரியமல்லே?"

"கோயிலுக்கும் போடுவோம், புள்ளை வயசுக்கு வந்தாலும் போடுவோம், கல்யாணத்துக்கும் போடுவோம். மழையில அஞ்சு நாள் போயிருந்த கரண்டு திரும்பி வந்தப்பக் கூடப் போட்டோம் சார்."

‘மின்சாரம் மதத்தில் சேராது’ என்று ஜின்சன் குறித்துக்கொண்டார்.

"ஜீவிதா சொந்தமோ?"

"அவுக அப்பா பேக்டரியில எலக்ட்ரீசியன் சார், குவார்ட்டர்ஸ்ல இருந்தவுக. எங்க சாதியுமில்ல, சனமுமில்ல."

மூன்று கட்டமும் காலி. இருபது வருட சர்வீஸில் இப்படி ஒரு படிவத்தை அவர் பார்த்திருக்கமாட்டார். பேனாவை மூடிவிட்டு, கெஞ்சுகிற குரலில் காரணம் கேட்டார்.

"பின்னே எந்தினா சேச்சி?"

ராமுத்தாய் காகிதத்தைப் பார்த்து, "பங்கேற்பு..." என்று ஆரம்பித்தாள். நஜீம் கண்ணாலேயே ஊக்கம் கொடுத்தார். அவள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிவிட்டாள்.

"சார், நான் ஓட்டுப் போட ஆரம்பிச்சு முப்பத்திநாலு வருசம். எல்லாக் கட்சியும் எங்க லயத்துக்கு வந்துச்சு. சாயா குடிச்சாக. புள்ளையத் தூக்கிக் கொஞ்சுனாக. கூடைய முதுகுல மாட்டிப் போட்டோ எடுத்தாக. ஒருத்தரும் ஒண்ணுக்குப் போகல சார். அம்புட்டுச் சாயா குடிச்சுட்டும் அடக்கிக்கிட்டு ஜீப்ல ஏறிருவாக. இந்தப் புள்ளை மட்டுந்தான் வந்த அன்னிக்கே, ‘அக்கா, பாத்ரூம் எங்க’ன்னுச்சு. வரிசையில அஞ்சாவது ஆளா நின்னுச்சு. நான்தான் சாக்கைப் பிடிச்சேன். வெளிய வந்ததும், ‘முதல்ல இதுக்கு ஒரு கதவு’ன்னுச்சு. எங்களுக்கும் அவசரம் வரும்னு ஒருத்திக்காவது தெரிஞ்சிருச்சே சார். அதான் வாய் சும்மா இருக்கல."

இதை மொழிபெயர்க்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு வருடமாக அந்த லயத்தில் சாயா குடித்துவிட்டுப் பள்ளிக்கூடக் கக்கூஸுக்கு ஓடுகிறவன் நான்.

ஜின்சன் எழுதினார். ‘வேட்பாளர் வாக்காளருக்கு அளித்தது: இல்லை. வாக்காளர் வேட்பாளருக்கு அளித்தது: மறைப்பு, சுமார் நான்கு நிமிடம்.’ எழுதியதைப் படித்துப் பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. வாக்காளர் வேட்பாளருக்குக் கையூட்டுக் கொடுத்திருக்கிறார்! இதற்கு விதி இருக்கிறதா என்று புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இல்லை. விதி இல்லாத இடத்தில் நேரடி ஆய்வு செய்ய வேண்டும் என்று ஒரு விதி இருந்தது.

ஆய்வுக்குப் போனோம். சாக்கின் நீளம், அகலம், கிழிசல்கள் மூன்று, எல்லாவற்றையும் அளந்து எழுதினார். மழை பிடித்துக்கொண்டது. ஜீப் சேற்றில் மாட்டி, தள்ள ஆள் வரவேண்டும் என்று டிரைவர் சொன்னார். அரை மணி போயிற்று. ஜின்சன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். பிறகு மேலே பார்த்தார், கீழே பார்த்தார், ராமுத்தாயைப் பார்த்தார்.

"சேச்சி... ஒந்நு பிடிக்காமோ?"

ராமுத்தாய் சாக்கைப் பிடித்தாள். காற்று பலமாக இருந்ததால் முருகேஸ்வரி மறுமுனையைப் பிடித்தாள். நானும் நஜீமும் அரசாங்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றோம். உள்ளேயிருந்து ஜின்சன் மூன்று தடவை, "விட்டிட்டில்லல்லோ?" என்று கேட்டார். மூன்று தடவையும், "இல்ல சார், நீங்க தைரியமா இருங்க," என்றாள் ராமுத்தாய்.

அறிக்கை அன்றே போயிற்று. அதன் கடைசி வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: ‘உற்சாகத்துக்கான காரணம் சம்பவ இடத்தில் நேரடியாக அனுபவிக்கப்பட்டது. காரணம் போதுமானது.’ சான்றுப் பொருள் என்ற வகையில் சாக்கை மடித்து, அரக்கு முத்திரை வைத்துக் கையோடு கொண்டுபோனார். கோப்பு முடிந்ததும் திருப்பித் தருவதாக ரசீதும் கொடுத்தார். அதுவரை ஒரு பழைய புடவை தொங்கியது.

ஜீவிதா இருபத்துமூன்று ஓட்டில் ஜெயித்தார். ஜெயித்ததோடு விடாமல் சொன்னதையும் செய்துவிட்டார். எங்களுக்கு இது பழக்கமில்லை. நாலாவது மாதம் கதவு வந்தது. பச்சை நிற பிவிசி கதவு, பளபளவென்று தாழ்ப்பாள், பக்கத்துச் சுவரில் கதவில் பாதி அளவுக்கு ஒரு கல்வெட்டு. ராமுத்தாய் குலவை போட்டாள், யாரும் தடுக்கவில்லை. நஜீம் நாற்பது போட்டோ எடுத்துவிட்டு, கட்சியின் புதிய நிலைப்பாட்டின்படி குலவை மண்ணின் கலை என்று விளக்கினார்.

தேர்தல் வேலை முடிந்து கிளார்க்காகத் திரும்பியிருந்த ஜின்சன் ஒரு ஒப்படைப்புப் பத்திரம் கொண்டுவந்திருந்தார். கதவு அரசுச் சொத்து. அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

"பெண்கள் பங்கேற்புதான் நம்ம கொள்கை. பொறுப்பாளர் ராமுத்தாய் அக்கா!" என்றார் ஜீவிதா. எல்லோரும் கை தட்டினோம். ராமுத்தாய் அழுதுவிட்டாள்.

நிபந்தனைகளை நான்தான் உரக்கப் படித்தேன். ஒன்று, வியூ பாயிண்ட் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்கள் நுழையாதபடி கதவு எந்நேரமும் பூட்டியிருக்க வேண்டும். இரண்டு, திறக்கும் நேரம் காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஐந்திலிருந்து ஆறு. மூன்று, வேறு நேரத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்துப் பொறுப்பாளரின் அனுமதி பெற வேண்டும். நான்கு, உபயோகத்தினால் சேதம் ஏற்பட்டால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். இன்னும் எட்டு இருந்தன. மழை வந்ததால் அவற்றை யாரும் கேட்கவில்லை.

உபயோகித்தால்தான் சேதம் வரும் என்பது ராமுத்தாய்க்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள். ஒருநாள் காலை ஐந்தரைக்கு முருகேஸ்வரி ஓடிவந்தாள்.

"மதினி, சாவியைக் குடு!"

"ஆறு மணிக்குத்தான்டி."

"எனக்கு இப்பத்தானே வருது!"

"வாத்தியாருகிட்ட அபேட்சை மனு எழுதி வாங்கிட்டு வா."

முருகேஸ்வரி என் வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் பேனாவை எடுத்து, வீட்டு எண் என்ன என்று கேட்டு நிமிர்ந்தபோது அவள் தேயிலைக் காட்டுக்குள் போய்விட்டிருந்தாள். ஆறிலிருந்து ஏழுக்குள் என்று சொல்லிவைத்து யாருக்கும் அவசரம் வருவதில்லை, இப்போது லயமே அங்கேதான் போகிறது. பழைய புடவையைக் கழற்றியாயிற்று, சாக்கு இன்னும் கோப்பில் இருக்கிறது.

கதவு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. மிகச் சிறந்த பராமரிப்புக்காகப் பஞ்சாயத்து ராமுத்தாய்க்குப் பொன்னாடை போர்த்தியது. அந்த மேடையில் ஜீவிதாவும் சாயா குடித்தார். நாலு மணிக்கு அவர் லயத்துப் பக்கம் வந்து பச்சைக் கதவைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஜீப்பில் ஏறிவிட்டார்.

அடுத்த தேர்தலுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. ஆனால் வேட்பாளர் தயார். முருகேஸ்வரி நிற்கிறாள். கதவைக் கழற்றுவேன், சாக்கை மீட்டுக் கொண்டுவருவேன் என்பதுதான் அவளுடைய வாக்குறுதி. தேர்தல் அறிக்கையை எழுதிக் கொடுப்பவன் நான். நஜீம் கூட ஒருநாள் வந்து, இது அடித்தட்டிலிருந்து எழும் குரல் என்று பாராட்டிவிட்டுப் போனார். பதினாலு வீட்டிலும் ஒரே உற்சாகம்.

போன வாரம் ராமுத்தாயைக் கேட்டேன், "உன் ஓட்டு யாருக்கு?" என்று.

அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"முருகேஸ்வரிக்குத்தான் வாத்தியாரே. பொறுப்பாளர் தனக்குத்தானே அனுமதி குடுத்துக்கக் கூடாதுன்னு அந்தப் பத்திரத்துல ஒம்பதாவது நிபந்தனையில போட்டிருக்காம். ஜின்சன் சார் சொன்னாரு. எட்டு மாசமா நானும் தேயிலைக்குள்ளதான் போறேன்."