லினக்ஸ் போட்டுக்கொடுத்த மாப்பிள்ளைக்கு

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். நீங்களும் என் மகளும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் தாயார் தகப்பனாரை நாங்கள் விசாரித்ததாகச் சொல்லவும். கம்ப்யூட்டரும் சௌக்கியம் என்று வாராவாரம் போனில் சொல்லிவருகிறோம் அல்லவா, அதில் மட்டும் ஒரு சிறு திருத்தம் இருக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்ததுமே உங்கள் மாமியார் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "பிரமாதமா ஓடுதுன்னு சொல்லுங்க" என்று வாயசைக்கிறாள். வீட்டில் உட்கார்ந்து எழுதினால் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பாள். அதனால் பல்வலி என்று பொய் சொல்லிவிட்டுத் தெருமுனைப் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் முறை வருவதற்குள் ஒரு பக்கம் எழுதிவிட்டு நழுவிவிடுவது என் திட்டம். முதல் நாள் நழுவிவிட்டேன். அடுத்த முறை டாக்டர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்க சார், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லி, ஒரு பாவமும் அறியாத கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து ஊராரின் புகாரையெல்லாம் வாங்கி வைத்தவன் நான், எழுதிப் பழக்கமில்லை. அதிலும் மாப்பிள்ளை மேல் புகார் எழுதுவதற்கு மாதிரிப் படிவம் எங்கேயும் கிடையாது. ஆகவே இது புகார் அல்ல என்று எடுத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

போன தடவை நீங்கள் வந்தபோது எங்கள் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, "மாமா, இந்த மிஷினுக்கு இனிமே புது விண்டோஸ் ஏறாது. அதுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுடறேன். பறக்கும் பாருங்க" என்றீர்கள். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் உங்கள் முதுகுக்குப் பின்னால் சமையலறை வாசலில் நின்றுகொண்டு உங்கள் மாமியார் கரண்டியை வைத்து எனக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் நான், "விளையாட்டெல்லாம் வருமா?" என்று சாதாரணமாகக் கேட்பது மாதிரி கேட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "இப்பல்லாம் எல்லாமே வருது மாமா" என்றீர்கள். நான் சீட்டாட்டம் ஆடுவேன் என்று நினைத்திருப்பீர்கள். மாப்பிள்ளை, விளையாடுவது நான் அல்ல. உங்கள் மாமியார்தான் கம்ப்யூட்டரில் டாங்கிச் சண்டை போடுகிறாள்.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பரீட்சை மேற்பார்வைக்கு அவள் வருகிறாள் என்றாலே பிள்ளைகள் பேனா மூடியைக்கூடச் சோதித்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்பேர்ப்பட்டவள் சாயங்காலமானால் பீரங்கி சுடுகிறாள் என்று மாப்பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்பது அவளுடைய மானப் பிரச்சினை. அந்த டாங்கியை ஓட்டுவது வேறொரு ஊரில் இருக்கும் உங்கள் பெரிய மாமியார், அதாவது அவளுடைய அக்கா. அக்கா ஓட்ட வேண்டும், தங்கை சுட வேண்டும். அவருடைய கணவர் போன பிறகு அந்த வீட்டில் அவர் ஒண்டியாக இருக்கிறார் அல்லவா. போனில் பேசினால் இரண்டு பேருக்கும் ஐந்து நிமிஷத்தில் சண்டை வந்துவிடும். யார் முதலில் போனை வைப்பது என்பதில் மட்டும்தான் போட்டி. டாங்கிக்குள் ஏறிவிட்டாலோ மணிக்கணக்கில் பேசுவார்கள். "இடது பக்கம் திருப்புக்கா, மரத்துக்குப் பின்னால ஒருத்தன் நிக்கறான்" என்பதற்கு நடுவிலேயே முழங்கால் வலி, தண்ணீர் வராதது, தூக்கம் பிடிக்காதது எல்லாம் வந்து விழும். பெரியவருக்கு, அதாவது அந்த அக்காவுக்கு, ஒரு நாளில் கிடைக்கும் பேச்சுத்துணை அது ஒன்றுதான். இது தெரியாமல்தான் நீங்கள் லினக்ஸ் போட்டீர்கள். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது நான்.

நீங்கள் ஊருக்குப் போன மறுநாள் விளையாட்டைத் திறந்தால் திறக்கவில்லை. விண்டோஸுக்கென்று செய்த விளையாட்டாம். லினக்ஸுக்கு அது பேசுவது புரியாதாம். நடுவில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி மாதிரி ஒரு நிரல் வைக்க வேண்டுமாம். கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் இந்த வித்தையெல்லாம் தெரிந்தவர். அவரைக் கூட்டிவந்தேன். அவர் துபாஷியை வைத்ததும் படம் வந்தது, சத்தம் வரவில்லை. துபாஷியின் பழைய பதிப்பைப் போட்டதும் சத்தம் வந்தது, ஆனால் டாங்கி மட்டும் தெரிந்தது, தரை தெரியவில்லை. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு உங்கள் மாமியார் சுட்ட குண்டுகளில் பாதி சொந்தக் கட்சிக்காரர்கள் மேல் விழுந்தன. "கண்ணாடிய மாத்துடி முதல்ல" என்று பெரியவர் கத்தினார். லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசும் இணையத் திண்ணை ஒன்று இருக்கிறது, அங்கே ஜெராக்ஸ்காரர் எங்கள் கஷ்டத்தை எழுதிக் கேட்டார். ஒருவர், "எனக்கு நல்லாத்தானே ஓடுது" என்று பதில் போட்டுவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர், நீங்கள் போட்ட லினக்ஸே சரியில்லை, வேறு லினக்ஸ் போடுங்கள் என்றார். மூன்றாமவர் அவரைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் எந்த லினக்ஸ் உசத்தி என்று பொழுது சாயும்வரை அடித்துக்கொண்டார்களே ஒழிய, எங்கள் தரையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. கடைசியில் ஜெராக்ஸ்காரர் பொறுக்கமாட்டாமல் நீங்கள் போட்டதை எடுத்துவிட்டு வேறு லினக்ஸ் போட்டுவிட்டார். இதற்கு நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வாங்கிய நாளிலிருந்து ஊமையாகக் கிடந்த பிரிண்டர் அன்றைக்குத் தானாக எழுந்து, எப்போதோ அச்சடிக்கக் கொடுத்த மின்கட்டண ரசீதையெல்லாம் வரிசையாக அடித்துத் தள்ளியது. உள்ளதைச் சொல்ல வேண்டும், லினக்ஸால் எங்களுக்கு அந்த நன்மை உண்டு.

இத்தனைக்கும் நடுவில் நீங்கள் போன் செய்து, "எப்படி மாமா ஓடுது?" என்பீர்கள். ஒரு கையில் ஜெராக்ஸ்காரருக்குக் காப்பியும் மறு கையில் போனுமாக நான் நிற்பேன். "பிரமாதம்" என்பாள் உங்கள் மாமியார், தள்ளி நின்று, உங்கள் காதில் விழும்படி.

அந்தப் பிரமாதம் ஒருநாள் உண்மையாகவே ஆகிவிட்டது, மாப்பிள்ளை. ஜெராக்ஸ்காரர் என்ன செய்தாரோ, தரை வந்தது, சத்தம் வந்தது, டாங்கி முன்பைவிட வேகமாக ஓடியது. முன்பெல்லாம் எதிரி வந்து நின்று, சுட்டுவிட்டுப் போன பிறகுதான் எங்கள் திரையில் அவன் தலை தெரியும். இப்போது வரும்போதே தெரிகிறது. உங்கள் மாமியார் ஒரு குண்டைத் தவறவிடவில்லை. வெற்றிப் பட்டியலில் அக்காவும் தங்கையும் கிடுகிடுவென்று மேலே ஏறினார்கள். நானே இரண்டொரு தடவை கை தட்டினேன். அங்கேதான் வினை வந்தது. அந்த விளையாட்டில் கள்ள ஆட்டம் ஆடுகிறவர்களைப் பிடிக்க ஒரு காவல் நிரல் இருக்கிறது. அதைப் புதுப்பித்திருக்கிறார்கள். புதுக் காவலுக்கு லினக்ஸைத் தெரியவில்லை. தெரியாத ஆசாமி எல்லாரும் திருடன் என்று முடிவு கட்டிவிட்டது. நல்ல சண்டைக்கு நடுவில் திரை கறுத்துப்போய், 'சந்தேகத்துக்குரிய முறையில் ஆடியதால் உங்கள் கணக்கு நிறுத்தப்படுகிறது. இனியாவது நேர்மையாக ஆடவும்' என்று எழுத்து வந்து நின்றது. ஆயுசு முழுக்க மற்றவர்களின் மேசைக்கடியில் துண்டுக்காகிதம் தேடியவள், அதை எழுந்து நின்று படித்தாள்.

அங்கே பெரியவர் சுட ஆளில்லாத டாங்கியை எதிரிகளுக்கு நடுவில் ஓட்டிக்கொண்டுபோய் எரிந்துபோனார். உடனே போன் வந்தது.

"என்னடி பண்ணித் தொலைச்சே? உன்ன கள்ள ஆட்டம்னு போட்டிருக்கான்!"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா."

"பண்ணாமயா போடுவான்? அதானே பார்த்தேன், உன் குண்டு ஒண்ணுகூடத் தப்பலையேன்னு!"

போனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. காரணம் லினக்ஸ்தான் என்று ஜெராக்ஸ்காரர் விளக்கிச் சொன்னார். "அதை அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன்" என்றேன். உங்கள் மாமியார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சொன்னா யாரு போட்டதுன்னு கேப்பா. மாப்பிள்ளை போட்டார்னு சொல்லணும். அவ வாய் சும்மா இருக்குமா? நம்ம மாப்பிள்ளைய அவ ஒரு சொல்லு சொல்றதுக்கு, என்னைக் கள்ளின்னே நெனச்சுட்டுப் போகட்டும்." சொல்லிவிட்டு, தேய்த்து மடித்து வைத்திருந்த துணியை எடுத்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் ஆனால் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பாமல் ஜன்னலைத் துடைக்கிறாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, மாப்பிள்ளை.

எனவே தங்களை மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்வது: அடுத்த தடவை வரும்போது பழைய விண்டோஸையே திரும்பப் போட்டுவிடுங்கள். மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை. ஏன் என்று கேட்க வேண்டாம். உங்களுக்கே தோன்றியது மாதிரி செய்யுங்கள். பெரிய மாமியாரிடமும் எதேச்சையாகப் பேசுவது போலப் பேசி, தவறு லினக்ஸுடையது, அத்தை மேல் ஒரு களங்கமும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அவர் ஏதாவது ஏசினால் எனக்காகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவும்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம். நீங்களும் என் மகளும் மனம் ஒத்து, குறைவில்லாமல் வாழ வேண்டும். குழந்தைக்கு என் முத்தங்கள், பல் இல்லாத பக்கத்திலிருந்து.

இப்படிக்கு,
தங்கள் நலம் விரும்பும் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். விண்டோஸைத் தொடவே வேண்டாம். கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் பெரியவரின் செருப்பு கிடக்கிறது. பெட்டியும் லேப்டாப்புமாக வந்து இறங்கிவிட்டார். போனை வைத்த பிறகு விளையாட்டில் முன்பின் தெரியாத ஒருவனை அவருக்குச் சுடும் ஆளாகப் போட்டார்களாம். அவன் வாயே திறக்கவில்லையாம். தனியாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்திருக்கிறார். "சின்ன வயசுல சீட்டாட்டத்துல தோத்துத் தோத்து அழுவா. கள்ளம் பண்ணத் தெரிஞ்சவ ஏன் அப்படித் தோக்கறா?" என்று என்னிடமே கேட்டார். உடனே விளையாட்டுக் கம்பெனிக்குக் காரசாரமாக எழுதிவிட்டாராம், சொந்த மகளையே பரீட்சை ஹாலிலிருந்து வெளியே அனுப்பியவள் என் தங்கை, அவளையா கள்ளி என்கிறீர்கள் என்று. (இந்த விஷயம் உங்களுக்குப் புதிதாக இருந்தால், நான் சொன்னதாக என் மகளிடம் சொல்ல வேண்டாம்.) புகார் கொடுத்தால் பதில் வரும் என்பதை நான் இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன். மன்னிக்கவும், எங்கள் காவல் நிரலுக்கு லினக்ஸ் தெரியாமலிருந்தது, இப்போது சொல்லிக் கொடுத்துவிட்டோம், உங்கள் தங்கை தாராளமாக ஆடலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

"அதென்னடி லினக்ஸு? யாரு போட்டது?" என்று பெரியவர் கேட்டார். உங்கள் மாமியார் கண்ணைச் சிமிட்டாமல், "நானேதான்" என்றாள். "அடியாத்தி, எனக்கும் போட்டுக் குடுடி" என்று அவர் லேப்டாப்பைத் தூக்கித் தங்கையின் மடியில் வைத்துவிட்டார். ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வரவும். லினக்ஸ் போடுங்கள், ஆனால் அத்தை சொல்லச் சொல்ல நீங்கள் செய்வது மாதிரி இருக்க வேண்டும். உங்கள் லேப்டாப்பையும் எடுத்துவாருங்கள். புது அப்டேட்டில் டாங்கிக்குள் குண்டு எடுத்துக்கொடுக்க மூன்றாவது ஆளுக்கு இடம் வந்திருக்கிறது. என்னை வைத்துப் பார்த்தார்கள்; குண்டுக்குப் பதிலாகப் புகைக்குண்டை எடுத்து நீட்டியதால் அன்றே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். "மாப்பிள்ளையக் கூப்பிடுடி" என்றார் பெரியவர். "அவர்கிட்டப் போய் குண்டெடுத்துக் குடுங்கன்னு எப்படிக்கா சொல்றது?" என்றாள் உங்கள் மாமியார். "ஏன், அவருக்குக் கை இல்லையா?" என்றார் பெரியவர். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு உங்கள் மாமியார் சரி என்று தலையாட்டியிருக்கிறாள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். டாங்கிக்குள் ஏறிய பிறகு அவள் மாப்பிள்ளை, மரியாதை எதையும் பார்க்கமாட்டாள். கை கொஞ்சம் தாமதித்தால் நன்றாகத் திட்டு வாங்குவீர்கள். இந்த வீட்டில் இத்தனை வருஷமாக உங்களுக்கு ஒரு திட்டு விழாததில் எனக்கு வருத்தம்தான். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.