ஓமுங்க வாங்காத மலைச் சைக்கிள்

ஓமுங்க ஐயாவைப் போல ஒரு சைக்கிளை வாங்காமல் இருந்த மனிதர் இந்தத் தீவில் இன்னும் பிறக்கவில்லை. நானும்தான் எத்தனையோ சாமான்களை வாங்காமல் இருந்திருக்கிறேன். அது சோம்பலில் நடந்தது. அவர் அதை ஒரு முழுநேர உத்தியோகமாகவே செய்தார்.

முதலில் பெயர்க்காரணம். சின்ன வயதில் ஹற்றன் மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் வன்னிக்கு வந்து, ஸ்கந்தபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர். ஆமாம் என்பதற்கு வன்னியில் எல்லோரும் 'ஓம்' என்பார்கள். அவருடைய வீட்டில் 'ஆமாங்க' என்பார்கள். இரண்டு பக்கத்தையும் பகைக்காமல் அவர் 'ஓமுங்க' என்று ஒன்றைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார். உண்மையான பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது கிளிநொச்சிக்கு வேலை மாற்றம். மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில். நான் ரூபனின் சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறையில். சனிக்கிழமையில் அந்த அறைக்குள் இருந்தால் சுவரோடுதான் கதைக்க வேண்டும். ஆகவே கீழே இறங்கி, கடைக் கதிரை ஒன்றில் குந்திவிடுவேன். அப்படி ஒரு சனிக்கிழமைதான் ஓமுங்க வந்து, புதிதாக இறக்கியிருந்த கொழுத்த ரயர்ச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது என்னா சைக்கிளுங்க தம்பி?"

"மவுண்டன் பைக் ஐயா. பற்றரியில ஓடும். எந்த மலையும் ஏறும்."

ஓமுங்க வாசலுக்குப் போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மலை எங்கிட்டு இருக்குதுங்க?"

கிளிநொச்சியில் குளக்கட்டை விட்டால், றோட்டுப் போடக் குவித்த கிரவல் மேடுதான் மலை. "மலையை விட்டுட்டு வந்தவனுக்கே மலைச் சைக்கிள் விக்கப் பாக்குறீங்களே!" என்று ஓமுங்க விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆனாலும் அவருக்கு அது தேவைதான். முழங்கால் வருத்தத்தோடு ஸ்கந்தபுரத்திலிருந்து அவ்வளவு தூரம் பழைய சைக்கிளை மிதிக்கிறாரே என்று, கட்டாரில் இருந்த மகள் காசும் அனுப்பிவிட்டாள். "யோசிச்சுச் சொல்றேங்க" என்று போனவர், அடுத்த சனி ஒன்பது மணிக்கு ஒரு சந்தேகத்தோடு வந்தார். அதற்கடுத்த சனி இன்னொன்று. ஒரு கிழமைக்கு ஒரு சந்தேகம்தான். மறந்தும் இரண்டாவதைக் கேட்கமாட்டார்.

மழையில் நனைந்தால் கரண்ட் அடிக்குமா என்றார். ரூபன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினான். நாய் துரத்தினால் என்ன செய்யும் என்றார். நாயைவிட வேகமாக ஓடும் என்றான் ரூபன். "எந்த நாயிங்க?" என்றார். பிறகு யானை வந்தது.

"இது சத்தமே போடாதுன்னு சொல்றீங்க. எங்க றோட்டுல யானை நிக்கும். சத்தத்தோட வந்தா அது ஒதுங்கிக்கும். சத்தமில்லாம பக்கத்துல போய் நின்னா, அது நம்மளைப் பத்தி என்னாங்க நெனைக்கும்?"

ரூபன் என்னைப் பார்த்தான். நான் அரசாங்க உத்தியோகத்தன். யானை என்ன நினைக்கும் என்று எனக்குச் சுற்றறிக்கை எதுவும் வந்திருக்கவில்லை.

"ஓடிப் பாருங்கோ ஐயா, அப்ப தெரியும்" என்று ரூபன் அவரைக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போனான். ஓமுங்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். "ஏறுதுங்க! ஏறுதுங்க!" என்ற சத்தம் மேலேயிருந்து கேட்டது. பிரேக் எங்கே என்பது அந்தக் கிழமைக்குரிய சந்தேகமாக இருக்கவில்லை. கட்டின் மறுபக்கத்தில், இடுப்பளவு தாமரைக்குள் நின்றுகொண்டு, "எறங்கவும் நல்லா எறங்குதுங்க" என்றார். ரூபன் தலையில் அடித்துக்கொண்டான்.

இப்படியே எட்டு மாதம். கடைசியாக அவர் கண்டுபிடித்தது, பின்னால் கரியர் இல்லை.

"மலைச் சைக்கிளுக்குக் கரியர் வராது ஐயா. அது ஒராளுக்குத்தான்."

"அப்ப யோசிக்கணுமுங்க."

ரூபனுக்குச் சூடேறிவிட்டது. அந்தக் கிழமையே இரும்பு வெட்டி, ஒட்டி, பெயின்ற் அடித்து ஒரு கரியரைப் பூட்டினான். "இனி என்னத்தக் கேக்கிறார் எண்டு பாப்பம் அண்ணை!"

சனிக்கிழமை ஓமுங்க வந்தார். கரியரைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. குடித்துக்கொண்டிருந்த பிளேன்ரீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த சனி அவர் வரவில்லை. அதற்கடுத்த சனியும் இல்லை. ரூபன் வேலையை விட்டுவிட்டு றோட்டையே பார்த்தான். எனக்கோ ஒன்பது மணி பத்தாகவே மாட்டேன் என்றது. மூன்றாவது சனி ரூபன் கடையை இழுத்துப் பூட்டினான். இருவரும் மோட்டார் சைக்கிளில் ஸ்கந்தபுரம் போனோம்.

ஓமுங்க முற்றத்தில் தனியே இருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பதறி எழுந்து, "வாங்க, வாங்க" என்றார்.

"நீங்களெல்லோ வாங்கோணும்!" என்று ரூபன் சண்டைக்கே போய்விட்டான். "கரியரும் போட்டாச்சு. இன்னும் என்ன ஐயா குறை?"

"கொறை ஒண்ணுமில்லீங்க தம்பி. அதானுங்க கஷ்டம்."

கச்சான் கோதுகளைக் கையால் கூட்டி ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"சம்சாரம் போனதுக்கப்புறம் ஏழு நாளும் ஒரே மாதிரிங்க. சனிக்கெழமைன்னாத்தான் காலையில எந்திரிக்க ஒரு வேலை. வாரம் பூரா என்னா கேக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன். சைக்கிள வாங்கிட்டா, அப்புறம் என்னத்தச் சொல்லிக்கிட்டு ஒங்க கடைக்கு வாறதுங்க?"

அவர் தன்னைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் அந்தக் கடைக் கதிரையில் சனிக்கிழமை தவறாமல் குந்தியிருந்த எனக்கு, அங்கே வருவதற்கு ஒரு சைக்கிள் சாட்டுக்கூட இருக்கவில்லை.

அந்தச் சைக்கிளை விற்க எட்டு மாதமாகத் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியவன் ரூபன். கிட்டப்போய் அவருடைய கையைப் பிடித்தான்.

"ஐயா, வாங்காட்டியும் வாங்கோ."

எனக்குப் பிறகு மாற்றம் கிடைத்துக் கொழும்புக்கு வந்துவிட்டேன். அந்தச் சைக்கிளை யார் வந்து கேட்டாலும், "அது ஒராளுக்குச் சொல்லி வைச்சது" என்று ரூபன் அனுப்பிவிடுகிறானாம். சனிக்கிழமைகளில் அவனுக்கு ரெலிபோன் எடுப்பேன். சைக்கிள் விற்றுப்போய்விட்டதா என்றுதான் முதலில் கேட்பேன். "இல்லை அண்ணை, ஐயா இன்னும் யோசிக்கிறார்" என்பான். அப்பாடா என்றிருக்கும்.